கணவாயைத் தாண்டி பகாங் பக்கம் இறங்க ஒரு நாள் போதுமா?

3 மே 2023, உலு யாமிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்

சிலாங்கூர் மாநிலத்துக் கோலகுபு பாரு பக்கம் ஆற்றோரமாக ஏறி, கணவாயைத் தாண்டி, பகாங் மாநிலப் பக்கத்து ஆற்றில் இறங்கும் பழைய பிரம்புவெட்டிகள் பாதையில் யாராவது போயிருக்கிறீர்களா? கைப்பேசி வரைபடத்தில் அளந்தால் 11 கிலோமீட்டர்தான் வருகிறது. காலை 7 மணிக்குப் புறப்பட்டால் சாயங்காலம் 4 மணிக்கு அந்தப் பக்கம் தே தாரிக் (பால் தேநீர்) குடித்துவிடலாம் என்று நினைக்கிறோம். ஐந்து பேர். எல்லாரும் ஓட்டப் பந்தயங்களில் ஓடுகிறவர்கள். ஒரு நாள் போதுமா?

3 மே, இரவு

போதாது. இரண்டு நாள் வேண்டும், நடுவில் ஓர் இரவு காட்டில்.

நான் இரண்டு தடவை போயிருக்கிறேன், 2016-இலும் 2019-இலும். நீங்கள் சொல்லும் 11 கிலோமீட்டர் வரைபடத்தில் விரலால் இழுத்த கோடு. என் கைக்கடிகாரம் 17 காட்டியது. பெருங்காட்டில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் நகர்ந்தால் அது நல்ல நடை. பிரம்பும் விழுந்த மரமும் உள்ள இடத்தில் அதுவும் கிடையாது. ஏழு மணிக்கு மேல்தானே பொழுது சாய்கிறது என்று கணக்குப் போடாதீர்கள். மரங்களுக்கு அடியில் ஆறரைக்கே கால் வைக்கும் இடம் தெரியாது.

விலை உயர்ந்த மலைச் சப்பாத்து வாங்க வேண்டாம். கம்போங் அடிடாஸ் போதும். மீதி நாளைக்கு. காலை ஆறுக்கு எனக்கு ஆலையில் வேலை.

4 மே

வழியைச் சொல்கிறேன். இரண்டு ஆறுகளின் பெயரையும் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. காரணம் பிறகு.

செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் பழைய பலகை லோரிப் பாதை ஒன்று காட்டுக்குள் போகிறது. முதல் நாலு கிலோமீட்டர் அதில்தான். லாலாங் புல் இடுப்பளவு நிற்கும், ஆனால் தரை கெட்டி. பாதை முடிந்ததும் ஆறு. அந்த ஆற்றை ஆறு தடவை இங்கும் அங்கும் கடக்க வேண்டும். மழை இல்லாத நாளில் தண்ணீர் முட்டிக்கு மேல் வராது. கடைசிக் கடவைக்கு அப்புறம் ஆறு இரண்டாகப் பிரியும். இடது கிளைதான் நம்முடையது. வலது கிளை அகலமாக, அழகாக, வா வா என்று கூப்பிடும். அதில் போகக் கூடாது.

இடது கிளையில் அரை மணி நேரம் நடந்தால் இரவு தங்க ஒரு மேட்டு இடம் உண்டு. அங்கிருந்து கணவாய் வரைக்கும் செங்குத்து. கையால் வேரைப் பிடித்து ஏறும் இடங்கள் மூன்று. காட்டு வாழையும் இஞ்சி வகைச் செடிகளும் குறைந்து, முள் மட்டையோடு பெர்தாம் பனை நெருக்கமாக வர ஆரம்பித்தால் தண்ணீரை விட்டு மலை முதுகுக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். நிமிர்ந்து பார்த்தால் செராயா மரங்கள் நிற்கும். அவற்றின் தலை சாம்பல் நீலமாக இருக்கும். கெர்லிங் சாலையிலிருந்து பார்க்கும்போது மலை முதுகுகள் மட்டும் சாம்பல் பூசின மாதிரி தெரிகிறதே, அது இந்த மரம்தான்.

கணவாய் 870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தோட்டத்தில் வியர்த்து ஊற்றுகிற நாளில்கூட அங்கே ஐந்து டிகிரி குறைவாக இருக்கும். இரண்டு பக்கமும் மலை எழும்பிப் போக, நடுவில் தட்டையாக ஓர் இடம், தோட்டத்துக் கோயில் திடல் அளவு. ஈர இலை மெத்தை மாதிரி கிடக்கும். 2019-இல் அந்த இலைக்கு நடுவே சேற்றில் தாப்பிர் என்ற காட்டு மிருகத்தின் கால் தடம் பார்த்தேன், முன்காலில் நாலு விரல், பின்காலில் மூன்று. அதற்கும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக அதுதான் சுலபமான வழி.

அங்கே உட்கார்ந்து கொஞ்ச நேரம் காது கொடுத்தால் இரண்டு பக்கமும் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். மேற்கே கேட்பது சிலாங்கூர் ஆற்றோடு சேர்ந்து, கம்போங் குவாந்தான் மின்மினிகளைத் தாண்டி மலாக்கா நீரிணைக்குப் போகிறது. கிழக்கே கேட்பது பகாங் ஆற்றில் கலந்து, பெக்கான் வழியாகத் தென்சீனக் கடலுக்கு. நடுவில் இருபது எட்டு தூரம்.

அங்கிருந்து இறக்கம் சுலபம். ஐந்து மணி நேரத்தில் அந்தப் பக்கத்து டுரியான் தோப்புகளுக்கு வந்துவிடலாம்.

7 மே

கம்போங் அடிடாஸ் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் போடும் அதே கறுப்பு ரப்பர் சப்பாத்து. பட்டணத்துச் சாமான் கடையில் பத்து, பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கும். அடியில் ரப்பர்க் குமிழ்கள் உண்டு, களிமண்ணில் பிடிக்கும். ஆற்றில் இறங்கி ஏறினால் தண்ணீர் ஒழுகிவிடும், தோல் சப்பாத்து மாதிரி ஊறிக் கனக்காது. ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், உள்ளே முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை போட வேண்டும். காலுறையின் மேல் புகையிலைத் தண்ணீர் தடவினால் அட்டை ஏறுவது குறையும். மழையில் அதுவும் கரைந்து போகும். ஏறிவிட்டால் நகத்தால் ஓரத்தை நெம்பி எடுங்கள், நெருப்பு வைக்காதீர்கள்.

என் அம்மா இருபத்தெட்டு வருடம் அந்தச் சப்பாத்தில்தான் வெட்டுக்குப் போனார். வாசலில் கவிழ்த்து வைத்திருப்பார், தேள் ஏறாமல்.

9 மே

"கணவாய்" என்ற சொல்லால் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்து வழி வந்த ஒரு மாமி எங்களுக்கு உண்டு. 2019-இல் "சனிக்கிழமை கணவாய்க்குப் போகிறோம்" என்றேன். "எனக்கும் ரெண்டு கிலோ வாங்கி வா, சின்னதாகப் பார்த்து" என்றார். அவர் ஊர் வழக்கில் கணவாய் என்றால் கடலில் பிடிக்கும் சோத்தோங். இன்றைக்கும் நான் மலைக்குப் புறப்பட்டால் குழம்புக்குத் தேங்காய் துருவட்டுமா என்று கேட்டுச் சிரிப்பார்.

மலாயில் இதற்கு கெந்திங் என்று பெயர். நம் ஆட்களுக்கு கெந்திங் என்றால் மலை உச்சி ஹோட்டலும் கேபிள் காரும்தான். அந்தச் சொல்லுக்கு நடுவில் மெலிந்து போன இடம் என்று பொருள், அறுந்து போகப் போகிற கயிறு மாதிரி. மலைத்தொடர் மெலிந்து தாழும் இடமெல்லாம் கெந்திங். கோம்பாக்கிலிருந்து பெந்தோங் போகிற வழியில் கெந்திங் செம்பா, உலு லங்காட்டிலிருந்து ஜெலுபு போகிற வழியில் கெந்திங் பெராஸ், நம் கோலகுபு பாருவிலிருந்து ரவூப் போகும் சாலையில் கெந்திங் செமாங்கோக். ஃபிரேசர் மலைக்குத் திரும்புகிற அந்த இடத்தை எல்லாரும் கேப் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தித்திவங்சா மலைத்தொடர் ஏறக்குறைய 480 கிலோமீட்டர் நீளம். அதைக் குறுக்கே தாண்டுவதற்கு மனிதனும் மிருகமும் காலங்காலமாகத் தேடியது இந்த மாதிரி மெலிந்த இடங்களைத்தான்.

15 மே

ஒருவர் எழுதியிருக்கிறார்: "வழி தவறினால் பயப்பட வேண்டாம், தண்ணீரைப் பிடித்துக் கீழே போனால் கம்போங் (கிராமம்) வரும்."

இதை எழுதியவர் நல்ல மனதோடு எழுதியிருக்கிறார். ஆனால் இதை நம்பி இறங்காதீர்கள். 2016-இல் நான் இதை நம்பித்தான் இறங்கினேன். முழுவதையும் சொல்கிறேன்.

நான், என் மச்சான், ஆலையில் கூட வேலை செய்யும் நண்பர், மூன்று பேர். வழிகாட்டி இல்லை. யாரோ ஏற்றியிருந்த தடத்தைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு போனோம். இரண்டாம் நாள் பகல் ஒரு மணிக்குக் கணவாய்க்கு வந்தோம். உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். பாதிச் சோற்றில் மேகம் வந்தது. மேகம் என்றால் மேலே இல்லை, மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில். பத்து எட்டுக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. பிறகு மழை. கூடாரத் துணியை விரித்து அதற்குக் கீழே மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்தோம், முதுகை வெளியே வைத்து. ஒன்றரை மணி நேரம்.

மழை விட்டதும் எழுந்தோம், மூட்டையைத் தூக்கினோம், இறங்கினோம். ஒரு சின்ன ஓடை கிடைத்தது. தண்ணீர் கீழே போகிறது, நாமும் கீழே போகிறோம், அப்படியானால் பகாங்தான். இரண்டு மணி நேரம் பாறைமேல் வழுக்கி வழுக்கி இறங்கினோம். அப்புறம் ஓடை திடீரென்று காணாமல் போனது. காலடியில் லாத்தா, அதாவது அருவி. நாலு தென்னை உயரத்துக்கு நேர் கீழே விழுகிறது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர். இறங்கவும் முடியாது, சுற்றிப் போகவும் முடியாது. அன்றைக்கு இரவு அந்த விளிம்பில் ஒரு பாய் அளவு இடத்தில் மூன்று பேர் குந்தியபடியே விடிய விடிய இருந்தோம். சோறு தீர்ந்திருந்தது. நண்பர் தன் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

காலையில் மேகம் இல்லை. ஒன்பது மணி ஆயிற்று, எங்கள்மேல் வெயில் விழவில்லை. எங்களுக்கு முன்னால், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்து மலையில் வெயில் விழுகிறது. சூரியன் எங்கள் முதுகுப் பக்கம், நாங்கள் இறங்கி வந்த மலைக்குப் பின்னால் இருக்கிறது. கிழக்கே இறங்கியவனுக்குக் காலைச் சூரியன் முகத்தில் அல்லவா அடிக்க வேண்டும்? மச்சான்தான் முதலில் கண்டுபிடித்தான். நாங்கள் பகாங் பக்கம் இறங்கவே இல்லை. மழைக்கு வட்டமாக உட்கார்ந்து எழுந்தபோது திசை மாறி, ஏறி வந்த சிலாங்கூர் பக்கமே வேறோர் ஓடை வழியாக இறங்கியிருக்கிறோம்.

மறுபடி கணவாய்க்கு ஏற நாலரை மணி நேரம். வந்த வழியே திரும்பினோம். தோட்டத்து முதல் செம்பனை மரத்தைப் பார்த்தபோது இரவு எட்டு மணி. ஆலை நண்பர் அதற்கப்புறம் எந்தக் காட்டுக்கும் வரவில்லை.

தண்ணீர் கம்போங்குக்குப் போகும், உண்மைதான். ஆனால் அதற்குக் கால் இல்லை. லாத்தாவில் அது குதித்துப் போய்விடும். நம்மால் முடியாது.

16 மே

நேற்று எழுதியதில் ஒரு பெரிய விஷயத்தை விட்டுவிட்டேன். மச்சான் படித்துவிட்டு இரவே கூப்பிட்டான். கோபமாக இல்லை, ஆனால் நினைவுபடுத்தினான்.

மழை விட்டதும் அவன் "திசைகாட்டியைப் பார்க்கலாமா?" என்று கேட்டான். நான் "எதற்கு, இதோ இறக்கம் தெரிகிறதே" என்றேன். மேகத்தின்மேல் பழி போட்டு எழுதியிருக்கிறேன். தவறு மேகத்தினுடையது இல்லை. சட்டைப் பையில் திசைகாட்டி இருந்தது. அதை எடுக்க வேண்டாம் என்று சொன்னவன் நான்.

இன்னொரு திருத்தம். 4-ஆம் தேதி "இறக்கம் சுலபம்" என்று எழுதினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். நேரத்தில் சுலபம், வழியில் சுலபம் இல்லை. ஏன் என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் 2019-இல் கூட வந்த தெமுவான் பூர்வகுடிப் பெரியவர். அவர் சொன்னதை நிதானமாக எழுத வேண்டும்.

18 மே

பெரியவர் சொன்னது.

கையை விரித்துக் காட்டினார். விரல்கள் ஓடைகள், மணிக்கட்டு பெரிய ஆறு. தண்ணீரோடு கீழே நடந்தால் ஐந்து விரலும் ஒரே மணிக்கட்டில் வந்து சேரும். தண்ணீருக்கு எதிராக மேலே நடந்தால் ஒவ்வொரு பிரிவிலும் ஐந்தில் நாலு தப்பு. பிறகு கையைக் கவிழ்த்துவிட்டு, இப்போது இதே விரல்கள் மலை முதுகுகள் என்றார். முதுகில் மேலே நடந்தால் எல்லாம் ஒரே உச்சியில் சேரும். முதுகில் கீழே இறங்கினால் பிரிந்து பிரிந்து போகும். ஆகவே ஆற்றில் ஏறும்போதும் முதுகில் இறங்கும்போதும்தான் ஒவ்வொரு பிரிவிலும் நின்று பார்க்க வேண்டும். கணவாய்ப் பயணத்தில் இந்த இரண்டும் உண்டு. முதல் பாதியில் ஆற்றுக்கு எதிராக ஏறுகிறோம். தாண்டிய பிறகு, லாத்தாவைத் தவிர்ப்பதற்காக ஒரு மணி நேரம் முதுகில் இறங்கி, அப்புறம்தான் தண்ணீருக்குப் போகிறோம். நாற்பது வருடம் மலையைப் பார்த்து வளர்ந்தவன் நான், எனக்கு இதை யாரும் இப்படிச் சொல்லவில்லை.

இன்னொன்று, சொல்லாமல் செய்து காட்டியது. கணவாய்க்கு வந்ததும் அவர் உட்காரவில்லை. முதலில் பாராங்கை (காட்டுக் கத்தியை) உறையிலிருந்து உருவி, வெட்டும் விளிம்பு பகாங் பக்கம் பார்க்கும்படி தரையில் நட்டார். அப்புறம்தான் மூட்டையை இறக்கினார், புகையிலை சுருட்டினார். எழுந்ததும் பாராங் பார்க்கும் திசையில் நடந்தார். மேகம் வந்தாலும் மழை வந்தாலும் பாராங் திரும்பாது. எங்களுக்கு 2016-இல் இந்த ஒன்று தெரிந்திருந்தால் அந்த இரவு இல்லை.

2 ஜூன்

அனுமதி பற்றிக் கேட்டவருக்கு. இது நிரந்தர வனக்காப்பு நிலம். 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி முன் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். காடு மாநிலத்தின் சொத்து என்பதால் சிலாங்கூர் வனத்துறை அனுமதி மட்டும் போதாது, கணவாயைத் தாண்டியதும் நீங்கள் பகாங்கில் இருக்கிறீர்கள். இரண்டு இடத்திலும் வாங்குங்கள். வனத்துறையில் பதிவு பெற்ற மாலிம் குனோங் (மலை வழிகாட்டி) ஒருவர் கூட வர வேண்டும். புறப்படுகிற அன்று காவல் நிலையத்தில் பெயர்களையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஆறுகளின் பெயரை எழுதாததற்குக் காரணமும் இதோடு சேர்ந்ததுதான். பெயரையும் தடத்தையும் யாரோ பொதுவில் போட்டதற்கப்புறம், அனுமதி இல்லாத கூட்டம் வந்து தெமுவான் கம்போங் குடிக்கும் ஓடைக்கு மேலே கூடாரம் போட்டது. மேகி உறை, டின், சவர்க்கார நுரை எல்லாம் அந்தத் தண்ணீரில். பெரியவர் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான், பெயரைப் பரப்பாதே என்று. நானும் 2016-இல் தடத்தை ஏற்றியிருந்தேன். அழித்துவிட்டேன். தெரிந்துகொள்ள வேண்டியவர் மாலிமிடம் தெரிந்துகொள்ளலாம்.

21 ஜூன்

கெப்பாலா ஆயேர், ஆற்றில் திடீரென்று வரும் வெள்ளம். இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும். மலை உச்சியில் மட்டும் ஒரு மணி நேரம் கொட்டியிருக்கும். மேலே விழுந்த மரங்கள் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும். அந்த அடைப்பு உடைந்தால் சுவர் மாதிரி வரும். 2019-இல் நாலாவது கடவையில் பார்த்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, அடியில் கூழாங்கல் தெரிந்தது. முதலில் இரண்டு மூன்று பச்சை இலை மிதந்து வந்தது. பழுத்த இலை எப்போதும் வரும், பச்சை இலை வந்தால் மேலே ஏதோ கிளையை முறித்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் தண்ணீர் ஓரங்களில் கலங்கித் தே தாரிக் நிறமாக மாறியது. மண் வாடை வந்தது. பெரியவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, என் மூட்டைப் பட்டையைப் பிடித்துக் கரை மேலே இழுத்தார். நாங்கள் ஏறி இருபது நிமிடம் ஆகவில்லை, நாங்கள் நின்ற பாறை தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. ஒரு முழு மரம், வேரோடு, சுழன்று சுழன்று போனது. மூன்று மணி நேரம் காத்திருந்தோம்.

கரையில் ஒரு கல்லை நீர்மட்டத்தில் வைத்துக்கொண்டு ஓய்வெடுங்கள். கல் நனைந்தால் எழுந்துவிடுங்கள். கடவைகளை நண்பகலுக்கு முன்பே முடியுங்கள், மலைச்சரிவில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கும். கடக்கும்போது மூட்டையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்து வையுங்கள், விழுந்தால் உதறிவிட்டு நீந்தலாம். கரை மரக்கிளைகளில் சருகும் குப்பையும் சிக்கியிருக்கும், பழைய வெள்ளம் எட்டிய உயரம் அது. அதற்கு மேலேதான் தூங்க வேண்டும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் இந்தப் பக்கம் போகாதீர்கள். பகாங் பக்கம் வடகிழக்குப் பருவமழை முடியும்வரை வேண்டாம். மீதி மாதங்களில் ஜூன், ஜூலை எனக்குப் பிடித்தவை.

தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைத்துக் குடியுங்கள். எலிக்காய்ச்சல் லேசான விஷயம் இல்லை.

22 ஜூன்

புலி இருக்கிறதா என்று கேட்டவருக்கு: மலாயாப் புலி நாடு முழுக்க 150-க்கும் குறைவு என்று கணக்கெடுப்பு முடிவு 2022-இல் வெளிவந்தது. நான் பார்த்ததில்லை. பார்க்க ஆசை உண்டு, தூரத்திலிருந்து.

9 ஜூலை

ஒரு அக்கா எழுதியது மனதில் தங்கிவிட்டது: "எங்கள் லயத்து வீட்டிலிருந்து அந்த மலையைத் தினமும் பார்த்தோம். எங்கள் ஆட்கள் யாரும் ஏன் போகவே இல்லை?"

எங்கள் தோட்டத்தில் பத்தாம் நம்பர் ரப்பர்க் காட்டிலிருந்து அந்தக் கணவாய் தெரியும், இரண்டு மலைக்கு நடுவில் தொங்கப் போட்ட துணி மாதிரி. அம்மா விடியற்காலை கோடு கீறும்போது அதன் பின்னாலிருந்துதான் வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தை வைத்து மணி சொல்வார். பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நேரமாயிற்று, பால் எடுக்க நேரமாயிற்று என்று. ஆனால் தோட்டத்து எல்லைக் கால்வாயைத் தாண்டி ஓர் எட்டு வைத்ததில்லை.

காரணம் தாத்தா காலத்தது. 1948-இல் அவசரகாலம் வந்தது, பிரிட்டிஷ் அரசுக்கும் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் சண்டை. காட்டிலிருந்து ஆள் வந்து அரிசி கேட்டால் கொடுக்காதவனுக்கு அங்கே ஆபத்து, கொடுத்தவனுக்கு இங்கே சிறை. லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். வெட்டுக்குப் போகிறவன் மதியச் சோறு கட்டிக்கொண்டு போகக் கூடாது, காட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். வெறும் வயிற்றோடு வெட்டிவிட்டு வருவார்கள். 1951 அக்டோபர் 6-இல் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னியைச் சுட்டுக் கொன்றது இதே மலைச் சாலையில், கேப்புக்குப் போகும் வளைவில். அதற்கப்புறம் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தாலே சந்தேகம் என்று தாத்தா சொல்வார். அவர் அம்மாவுக்குச் சொன்னது, அம்மா எனக்குச் சொன்னது: கால்வாயைத் தாண்டாதே. பயத்துக்குக் காரணம் போய் அறுபது வருடம் ஆன பிறகும் அந்தச் சொல் மட்டும் வீட்டில் இருந்தது.

2019-இல் நான் திரும்பி வந்ததும் அம்மா காலைப் பிடித்துப் பார்த்தார், அட்டைக்கடியை எண்ணினார், பதினேழு. அப்புறம் "அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டார். மலை, ஆறு, டுரியான் தோப்பு, அப்புறம் இன்னொரு மலை என்றேன். "நம்ப பக்கம் மாதிரிதானா" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

29 ஜூலை

உலு யாம் தம்பிகள் அனுமதி வாங்கிவிட்டார்கள், இரண்டு மாநிலத்திலும். இரண்டு நாள் திட்டம், சனி, ஞாயிறு. மாலிம் கிடைத்தார். 2019-இல் எனக்கு வழிகாட்டிய பெரியவரின் மகன்தான். பெரியவருக்கு முட்டி வலி, இப்போது ஏறுவதில்லை. என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். விடுப்பு கேட்டிருக்கிறேன். ஓட்டப் பந்தயச் சப்பாத்தில்தான் வருவேன் என்று ஒருவர் பிடிவாதமாக இருக்கிறார். அவர் இஷ்டம். ஒரு ஜோடி கம்போங் அடிடாஸ் என் மூட்டையில் வரும்.

14 ஆகஸ்ட்

போய்விட்டு வந்தோம். கை விரல் இன்னும் முள்ளால் வீங்கியிருக்கிறது, அதனால் சுருக்கமாக.

ஆறு கடவையும் முதல் நாள் பதினொரு மணிக்குள் முடிந்தது. ஆற்றுப் பிரிவில் முன்னால் போன இரண்டு பேர் வலது கிளையில் இருபது எட்டு போய்விட்டார்கள். மாலிம் விசில் அடித்தார். வேகமான கால்களுக்கு வேகமாகத் தப்பான வழியில் போக முடியும் என்று அவர்களில் ஒருவரே சொன்னார், எல்லாரும் சிரித்தோம். மேட்டு இடத்தில் இரவு. பெரா மரத்துக் காய்கள் வெடிக்கும் சத்தம் பட்டாசு மாதிரி இரவு முழுக்க. ஓட்டச் சப்பாத்துத் தம்பியின் அடிப்பாகம் மூன்றாம் கடவையிலேயே பிய்ந்துவிட்டது. என் மூட்டையில் இருந்த ஜோடி அவருக்கு அளவாக இருந்தது.

மறுநாள் ஒன்பதரைக்குக் கணவாய். மாலிம் அப்பாவைப் போலவே பாராங்கை நட்டார். தம்பிகளிடம் பாராங் இல்லை, ஆகவே ஐந்து மூட்டைகளையும் தோள்பட்டை பகாங் பக்கம் பார்க்கும்படி வரிசையாக வைத்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, இங்கே மே 18-ஆம் தேதி எழுதியதைப் படித்திருக்கிறார்கள். பத்து மணிக்கு மேகம் வந்தது. 2016-இல் வந்த அதே வெள்ளை. நான் வேண்டுமென்றே எழுந்து கண்ணை மூடி மூன்று சுற்றுச் சுற்றினேன். கண்ணைத் திறந்தால் எந்தப் பக்கம் எது என்று தெரியவே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி இறக்கம், ஒரே மாதிரி தண்ணீர்ச் சத்தம். கீழே பார்த்தேன். ஐந்து மூட்டை, ஒரு பாராங்.

முதுகில் ஒரு மணி நேரம் இறங்கினோம். ஒவ்வொரு பிரிவிலும் மாலிம் நின்றார், திசைகாட்டியைத் தம்பிகளிடம் கொடுத்து அவர்களையே சொல்ல வைத்தார். நாலு பிரிவில் மூன்று சரியாகச் சொன்னார்கள். நாலாவதில் நானும் தப்பாகத்தான் சொன்னேன்.

15 ஆகஸ்ட்

இரண்டு திருத்தம், முதல் நாள் இங்கே எழுதியவற்றுக்கு.

தூரம் 17 என்று எழுதியிருந்தேன். தம்பிகளின் மூன்று கைக்கடிகாரங்களில் 18.3, 17.6, 19.1. செங்குத்துப் பள்ளத்தாக்கிலும் மரங்களுக்கு அடியிலும் செயற்கைக்கோள் சமிக்ஞை தடுமாறி, நாம் உட்கார்ந்திருக்கும்போதும் அது நடந்ததாகக் கணக்குப் போடும். 17-க்கும் 19-க்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கம் தே தாரிக் குடித்தது இரண்டாம் நாள் மாலை 5.45-க்கு.